ஒற்று மிகும் இடம்

சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில் அம்மா மகளின் முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். மறுமுனையில் அப்பா பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கடிதத்தை நாலாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தார். காலை ஆறரை மணி. நடுவில் ரொட்டி ஆறிப்போய்க் கிடந்தது, அதை யாரும் சட்டை செய்யவில்லை.

"விரலை மடக்கு" என்றாள் அம்மா. "இன்னும் இறுக்கமா."

மகள் மடக்கினாள். வயது பதினேழு, வீட்டில் இன்னும் பாப்பாதான். ஊசி என்றால் தெருவையே கூட்டுகிறவள், அன்றைக்கு யாரோ பக்கத்து வீட்டுக்காரியின் கையைப் பார்ப்பதுபோலத் தன் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மாவுக்கு இது தினப்படி வேலை. பதினோரு வருஷமாக ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் ஊசியும் கையுமாக நிற்பவள். அலறுகிற குழந்தையானாலும் நரம்பே தென்படாத கிழவரானாலும் ஒரே குத்தில் எடுத்துவிடுவாள் என்று பேர் வாங்கியவள். சொந்த மகளுக்கு அன்றைக்கு மூன்று தடவை குத்த வேண்டி வந்தது.

எந்த வியாதிக்கு இந்தப் பரிசோதனை என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. பள்ளிக்கூடத்திலிருந்து போன் பண்ணியவர்கள் "உங்க பொண்ணுக்கு அது இருக்கும்போல இருக்கு" என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். 'அது' என்ற வியாதிக்கு எந்த நிற மூடி போட்ட குழாயில் ரத்தம் பிடிப்பது என்று அவள் படித்த படிப்பில் சொல்லித்தரவில்லை. அதனால் கைப்பையில் இருந்த எல்லா நிற மூடியிலும் பிடித்தாள். தைராய்டு, சர்க்கரை, ஹார்மோன், இரும்புச்சத்து, எதையும் விட்டுவைக்கவில்லை. பெற்ற வயிறு, வேறென்ன செய்யும்.

கடிதம் ஒரே ஒரு வரிதான். "தங்கள் மகளை பற்றி சில விஷயங்கள் பேச வேண்டியிருப்பதால் வெள்ளியன்று பதினொரு மணிக்கு பெற்றோர் இருவரும் பள்ளிக்கு கட்டாயம் வரவும்."

இதில் நாலு ஒற்று காணோம். அப்பாவின் கை தன்பாட்டுக்குச் சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து நாலையும் போட்டுவிட்டது. மனசு வெந்துகொண்டிருக்கும்போதே கை தன் வேலையைப் பார்த்தது. இருபத்திரண்டு வருஷமாக ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவர் அவர். அச்சுக்குப் போகுமுன் தாள்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்துப் பிழை பொறுக்குவதுதான் தொழில். அச்சகத்தில் அவருக்கு 'ஒற்று' என்றே பட்டப்பெயர். ஒற்று என்பது வேறொன்றும் இல்லை, இரண்டு சொற்களுக்கு நடுவே வந்து ஒட்டிக்கொண்டு நிற்கிற க், ச், த், ப். முக்கால்வாசிப் பேர் அதை விட்டுவிட்டுத்தான் எழுதுகிறார்கள், யாருக்கும் ஒரு குறையும் வந்துவிடவில்லை. ஆனால் இவருக்கு ஓர் ஒற்று விட்டுப்போனால் செருப்புக்குள் கல் புகுந்த மாதிரி. மகளுக்கும் எழுதத் தெரிந்த நாளிலிருந்தே இதைப் பழக்கியிருந்தார்.

அந்தப் பழக்கம்தான் அவளைக் காட்டிக்கொடுத்தது.

நடந்தது இதுதான். அந்தப் பள்ளிக்கூடத்தில் வளரிளம் பருவ வழிகாட்டல் என்று இந்த வருஷம் புதிதாக ஒரு வகுப்பு வந்திருந்தது. வாரத்துக்கு ஒரு மணி நேரம், உயிரியல் டீச்சர் எடுப்பார். வகுப்பு வாசலில் ஒரு மரப்பெட்டி வைத்திருந்தார்கள். அதன் மேல் "பெயர் எழுத வேண்டாம். தயங்காமல் கேளுங்கள். இங்கே எந்தக் கேள்வியும் தவறில்லை" என்று கொட்டை எழுத்தில் ஒட்டி, சுற்றிலும் பூ வேறு வரைந்திருந்தார்கள். மேலிடத்திலிருந்து பார்வையிட வந்தவர் பெட்டியோடு நின்று படம் எடுத்துக்கொண்டு போனார். பிள்ளைகளும் தயங்காமல் கேட்டார்கள். முகப்பரு போக என்ன பூசலாம், உயரமாக என்ன சாப்பிடலாம், பரீட்சை என்றால் ஏன் வயிற்றைக் கலக்குகிறது. டீச்சரும் தயங்காமல் பதில் சொன்னார். பெட்டியும் வகுப்பும் சுமுகமாகத்தான் போய்க்கொண்டிருந்தன.

போன வாரம் ஒரு சீட்டு வந்தது. "ஒரு பெண்ணுக்கு இன்னொரு பெண்ணைப் பிடித்துப் போனால் அது நோயா? இதைப் பற்றிப் பாடத்தில் ஏன் எதுவும் இல்லை?"

எந்தக் கேள்வியும் தவறில்லை என்று ஒட்டியவர்களுக்கு ஒரே நிமிஷத்தில் வேர்த்துவிட்டது. பெயர் எழுத வேண்டாம் என்று சொன்னவர்கள் பெயரைத் தேடக் கிளம்பினார்கள். சும்மா சொல்லக் கூடாது, பதில் தேட அந்த உழைப்பில் கால்வாசி உழைத்திருந்தால் போதும். கடைசி வகுப்புப் பிள்ளைகளின் நோட்டுகளை ஆசிரியர் அறையில் மலைமாதிரி குவித்து வைத்துக்கொண்டு கையெழுத்தை ஒப்பிட்டார்கள். ஒன்றும் பொருந்தவில்லை. அவள் இடது கையால் எழுதியிருந்தாள், கெட்டிக்காரி. எழுத்தெல்லாம் கோணல்மாணல். ஆனால் எழுத்தைக் கோணலாக்கத் துணிந்தவளுக்கு ஒற்றை விட மனசு வரவில்லை. கடைசியில் சீட்டு தமிழய்யாவின் கைக்குப் போனது. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரே ஒரு தடவை படித்தார்.

"நாலு ஒற்று. நாலும் இருக்க வேண்டிய இடத்துல இருக்கு" என்றார். "இந்தப் பள்ளிக்கூடத்துல இப்படி எழுதறவங்க ரெண்டே பேர்தான். ஒண்ணு நான். நான் எழுதல."

ஒற்று என்றால் தமிழில் வேவு என்றும் ஓர் அர்த்தம் உண்டு. தமிழய்யா இரண்டு அர்த்தத்திலும் கரைகண்டவர் என்று பள்ளிக்கூடம் அன்றைக்குத் தெரிந்துகொண்டது. மகளைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். நான்தான் எழுதினேன் என்று ஒப்புக்கொண்டாள். அந்த இன்னொரு பெண் யார் என்று கேட்டார்கள். "முதல்ல நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க டீச்சர், அப்புறம் நீங்க கேட்டதுக்கு நான் சொல்றேன்" என்றிருக்கிறாள். திமிர் என்று குறித்துக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து ஐந்து நாளாக வீட்டில் இருக்கிறாள்.

பொதுத்தேர்வுக்கு இன்னும் ஏழே வாரம். பள்ளிக்கூடம் பெயரை அனுப்பினால்தான் தேர்வு எழுதலாம். பெயரை எடுத்துவிட்டால் பன்னிரண்டு வருஷப் படிப்பும் கடைசிப் படியில் தடுக்கி விழுந்த கதைதான். வருஷத்தின் இந்தக் கடைசியில் வேறெந்தப் பள்ளிக்கூடமும் சேர்த்துக்கொள்ளாது. சேர்த்துக்கொண்டாலும், ஏன் பாதியில் வந்தாய் என்று கேட்காமல் விடாது.

இந்த ஐந்து நாளில் அப்பா மகளிடம் பேசியதெல்லாம் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்ற இரண்டே கேள்விகள். கோபம் என்று சொல்ல முடியாது. அவருக்கு வெட்கமாக இருந்தது, பயமாக இருந்தது, எதற்கு வெட்கம் என்று கேட்டால் சொல்லத் தெரியாமல் இருந்தது. ஊரில் உள்ளவர்களின் வார்த்தையையெல்லாம் திருத்துகிறவருக்கு இதைச் சொல்ல ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. அவரும் 'அது' என்றுதான் நினைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு நடக்கும்போது புருஷனும் பெண்சாதியும் பேசி முடிவு பண்ணிக்கொண்டார்கள்: எதையும் எதிர்த்துப் பேச வேண்டாம், கையெழுத்துக் கேட்டால் போட்டுவிடலாம், எப்படியாவது பரீட்சை எழுத விடச் சொல்லிக் கெஞ்சிப் பார்க்கலாம்.

தலைமையாசிரியையின் அறை சின்னது, ஆனால் கேடயங்கள் நிறைய. அலமாரிக்கு மேல் அந்தக் கேள்விப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள், இப்போது அதற்குப் பூட்டுப் போட்டிருந்தது. தலைமையாசிரியை நடுவில், உயிரியல் டீச்சர் ஒரு பக்கம், தமிழய்யா ஒரு பக்கம். டீ வந்தது. தலைமையாசிரியை தேன் ஒழுகப் பேசினார். தாங்களெல்லாம் ரொம்பப் பரந்த மனசுக்காரர்கள் என்றார். அந்தக் காலம் மாதிரி இல்லை, இப்போதெல்லாம் எதையும் வெளிப்படையாகப் பேச வேண்டும் என்பதுதான் பள்ளியின் கொள்கை என்றார். இப்படி ஒரு முன்னுரை சொல்லிவிட்டு, "அந்த விஷயம்", "அந்த மாதிரி", "அதான் உங்களுக்கே தெரியுமே" என்று மூன்று சொல்லிலேயே கால் மணி நேரம் ஓட்டினார். அடேயப்பா, அது ஒரு தனித் திறமைதான்.

பிறகு மேசை இழுப்பறையிலிருந்து தட்டச்சு செய்த தாள் ஒன்று வந்தது. அப்பா தன் கைப்பட எழுதியதுபோல அவர்களே எழுதி வைத்திருந்தார்கள். என் மகளின் உடல்நிலை காரணமாக அவளைப் பள்ளியிலிருந்து நானே விலக்கிக்கொள்கிறேன், இதில் பள்ளிக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. அடியில் கையெழுத்துக்குக் கோடு போட்டிருந்தது. மருத்துவரிடம் காட்டி, சரியாகிவிட்டது என்று சான்றிதழ் கொண்டுவந்தால் அடுத்த வருஷம் யோசிக்கலாம் என்றார் தலைமையாசிரியை. தேர்வை மட்டுமாவது எழுதட்டுமே என்று அப்பா கேட்டார். மற்ற பெற்றோருக்கு நாங்கள் என்ன பதில் சொல்வது என்று அவர் திருப்பிக் கேட்டார். மற்ற பெற்றோருக்கு யார் சொன்னார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

"உடம்பு நல்லாத்தான் இருக்கு மேடம்" என்று அம்மா கைப்பையைத் திறந்தாள். நேற்று எடுத்த ரத்தத்தின் அறிக்கை, மூன்று பக்கம். "எல்லாம் பாத்துட்டேன். எதுலயும் ஒரு குறையும் இல்ல. இரும்புச்சத்து மட்டும் கொஞ்சம் கம்மி."

தலைமையாசிரியை அறிக்கையைத் தொடவில்லை. "இது அந்த டெஸ்ட் இல்லம்மா" என்றார் இரக்கத்தோடு.

"அப்ப எந்த டெஸ்ட்?"

"அதான்... அதுக்கான டெஸ்ட்."

"பேர் சொல்லுங்க மேடம். நான் அந்த வேலையிலதான் இருக்கேன். என்ன டெஸ்ட்டுன்னு சொன்னா நானே எடுத்துக் கொண்டுவரேன்."

அவள் சண்டைக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். தலைமையாசிரியை உயிரியல் டீச்சரைப் பார்த்தார், உயிரியல் டீச்சர் தமிழய்யாவைப் பார்த்தார், தமிழய்யா டீயைப் பார்த்தார். அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு அறிக்கையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். ஐந்து நாளாக அவள் நெஞ்சில் உட்கார்ந்திருந்த வியாதிக்குப் பேரே இல்லை என்று அந்த நிமிஷம்தான் அவளுக்கு உறைத்தது. மகளின் கையில் மூன்று இடத்தில் குத்தியது அப்புறம்தான் அவளுக்கு வலித்தது.

அப்பா இன்னும் பேனாவும் கையுமாகத்தான் இருந்தார். கையெழுத்துப் போட்டுவிடத்தான் நினைத்தார். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், அவர் கோழை இல்லை, ஆனால் வீரரும் இல்லை. வாடகை வீட்டில் இருந்துகொண்டு அச்சகத்துக்கும் வீட்டுக்கும் நடக்கிற சாதாரண மனுஷர். போடுவதற்கு முன்னால், ஏதாவது ஒன்று கேட்டாக வேண்டுமே என்று உயிரியல் டீச்சரிடம் கேட்டார், பாப்பா கேட்ட கேள்விக்கு என்னதான் பதில் என்று.

உயிரியல் டீச்சர் கெட்டவர் இல்லை, பாவம். இதற்காகவே காத்திருந்ததுபோலப் பையிலிருந்து ஆசிரியர் கையேட்டை எடுத்தார். அந்த வகுப்புக்கென்று அச்சடித்துப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் கொடுத்த புத்தகம். "இதுல இருக்கறதத்தான் சார் நான் சொல்ல முடியும். இருந்தா சொல்லியிருக்க மாட்டேனா? பாருங்க, பருவ வயசு ஈர்ப்புன்னு பாடம் இருக்கு. ஆணுக்குப் பெண் மேல, பெண்ணுக்கு ஆண் மேல. அதோட முடிஞ்சு போச்சு. அடுத்தது இது" என்று பக்கத்தை விரித்துக் காட்டினார்.

அடுத்தது ஒரு படம். கை கழுவும் முறை, ஐந்து கட்டமாக.

அப்பா அந்தப் படத்தைப் பார்த்தார். அதை அந்தப் பக்கத்தில் வைத்தவரே அவர்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தக் கையேடு அவர்கள் அச்சகத்தில்தான் அச்சானது. எழுதியவர் ஒரு மருத்துவர். ஈர்ப்பைப் பற்றிய பத்தியின் முடிவில் அந்த மருத்துவர் இரண்டு வரி எழுதியிருந்தார். பதிப்பாளர் அதைப் பென்சிலால் வட்டம் போட்டு, "வேண்டாம், பெற்றோர் சண்டைக்கு வருவார்கள்" என்று ஓரத்தில் எழுதி அனுப்பினார். அப்பா சிவப்புப் பேனாவால் இரண்டு வரியையும் வெட்டினார். வெட்டியதில் பக்கத்தின் அடியில் வெள்ளையாக இடம் விழுந்தது. அது பார்க்க நன்றாக இல்லை என்று படக் கட்டிலிருந்து அளவாக ஒன்றைத் தேடி எடுத்து வைத்தார். பக்கம் அழகாக நின்றது. யாருடைய வாழ்க்கையிலோ கையை வைக்கிறோம் என்று அவருக்குத் தோன்றவில்லை, அன்றைக்கு மத்தியானம் பசியோடு நன்றாகச் சாப்பிட்டார். அந்தப் பாடம் அவர் மகளைக் கைகழுவிவிட்டது. சோப்பு எடுத்துக் கொடுத்தவர் அவர்.

அதை அங்கே சொல்லியிருக்கலாம். அந்தத் தைரியம் வரவில்லை. ஆனால் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

"நான் கையெழுத்துப் போடல மேடம்" என்றார். "அவளுக்கு உடம்பு நல்லா இருக்கு. நீங்க அனுப்பறதுன்னா நீங்களே அனுப்புங்க. எதுக்கு அனுப்பறோம்னு உங்க கையால எழுதி, முத்திரை வச்சுக் குடுங்க. அந்த நிமிஷமே கூட்டிட்டுப் போயிடறேன்."

இதென்ன பிரமாதம் என்று தலைமையாசிரியை ஒரு வெள்ளைத்தாளை இழுத்துப் போட்டுக்கொண்டார். அங்கேதான் வந்தது வினை. பேசும்போது 'அது' என்று சொல்லிவிடலாம், முத்திரை வைத்த தாளில் 'அது' என்று எழுத முடியாது. முதலில் ஒழுக்கக்கேடான நடத்தை என்று எழுதினார். என்ன நடத்தை என்று அப்பா கேட்டார்; பெட்டியில் ஒரு சீட்டுப் போட்டதைத் தவிர அவள் செய்த காரியம் ஒன்றும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அடித்துவிட்டுத் தகாத கேள்வி கேட்டதற்காக என்று எழுதினார். அப்பா அலமாரி மேலே இருந்த பெட்டியைக் காட்டினார். எந்தக் கேள்வியும் தவறில்லை என்ற எழுத்து, பூக்களோடு, எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. அதுவும் அடிபட்டது. இயற்கைக்கு மாறான என்று தொடங்கலாமே என்று தமிழய்யா எடுத்துக்கொடுத்தார். தலைமையாசிரியை உயிரியல் டீச்சரிடம் அப்படி எழுதலாமா என்று கேட்டார். இயற்கை அவருடைய பாடம் அல்லவா. டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டு, அப்படி எழுதினால் எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள் மேடம், புத்தகத்தில் இல்லையே என்றார். ஆக, அந்தப் புத்தகம் ஒரு தடவையாவது அந்தப் பெண்ணுக்கு உதவியது.

"உள்ளதை அப்படியே எழுதலாமே மேடம்" என்றார் அப்பா. "பேர் போட வேண்டாம்னு நாங்க சொன்னோம், அவ போடல. கேள்வி கேக்கச் சொன்னோம், கேட்டா. ஒற்றுப் பிழை இல்லாம எழுதினதால கண்டுபிடிச்சோம். அதனால அனுப்பறோம்."

தமிழய்யாவின் காது சிவந்தது. தலைமையாசிரியை அடித்து அடித்து எழுதிய தாளைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டார். முகத்தில் தேன் வற்றிப்போயிருந்தது. வெளியே மணி அடித்தது, பிள்ளைகளின் இரைச்சல் நடைவழியில் போய் அடங்கியது. அந்த அறையில் மூன்று பட்டதாரிகள், தமிழில் ஒருவர், உயிரியலில் ஒருவர், நிர்வாகத்தில் ஒருவர். மூன்று பேரும் சேர்ந்து ஒரு பெண் செய்த குற்றத்துக்கு ஒரு வார்த்தை கண்டுபிடிக்க முடியவில்லை.

கடைசியில், வரட்டும் என்றார் தலைமையாசிரியை. ஏதோ சொத்தை எழுதிக்கொடுப்பவர்போலச் சொன்னார். தேர்வு எழுதட்டும், ஆனால் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வேண்டும், யாரோடும் அநாவசியப் பேச்சு கூடாது, பெட்டி இந்த வருஷத்துக்கு இல்லை. கடைசி பெஞ்சையும் எழுத்தில் கொடுப்பீர்களா என்று அம்மா கேட்டாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. எழுத்து என்ற சொல்லைக் கேட்டதும் தலைமையாசிரியை கடைசி பெஞ்சை விட்டுவிட்டார்.

உயிரியல் டீச்சர்தான் அவளுடைய வகுப்பாசிரியை. வருகைப் பதிவேட்டை எடுத்துவந்து விரித்தார். ஐந்து நாளைக்கு முன்பே, யாரும் எந்தக் கையெழுத்தும் போடுவதற்கு முன்பே, மகளின் பெயர் மேல் நீளமாக ஒரு சிவப்புக் கோடு இழுத்திருந்தது. அதைப் பார்த்ததும் அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பெயரை அடியில் புதிதாகத்தான் எழுத வேண்டும், வரிசை எண் மாறிப்போகும், தேர்வுப் பட்டியலையும் மாற்ற வேண்டும், ரொம்பச் சிரமம் என்று தலைமையாசிரியை முனகினார்.

"ஒரு சிரமமும் இல்ல மேடம்" என்று அப்பா பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பினார். அவர் தொழிலில் தப்பாக ஒன்றை வெட்டிவிட்டால், வெட்டியதன் கீழே வரிசையாகப் புள்ளி வைத்து, ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதுவார்கள். அச்சுக் கோக்கிறவர் அதைப் பார்த்துப் பழையபடி சேர்த்துவிடுவார். அவர் மகளின் பெயருக்குக் கீழே ஓர் எழுத்துக்கு ஒரு புள்ளியாக நிதானமாக வைத்தார். ஓரத்தில் எழுதினார்: இருக்கட்டும். யாரும் தடுக்கவில்லை. உயிரியல் டீச்சர் அதன் பக்கத்தில் தன் சின்னக் கையெழுத்தைப் போட்டார், தலைமையாசிரியை பார்க்காத மாதிரி ஜன்னலைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்தபோது மகள் கூடத்தில் பழைய கேள்வித்தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்ன ஆயிற்று என்று வாய் கேட்கவில்லை, கண் கேட்டது.

"திங்கக்கிழமை போகணும்" என்றாள் அம்மா. "தினம் ஒரு இரும்பு மாத்திரை சாப்பிடணும். உனக்கு இருக்கற வியாதி அது ஒண்ணுதான்." சொல்லிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மூன்று ஊசித் தழும்பு இருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தடவினாள். ஐந்து நாளைக்குப் பிறகு மகள் அப்போதுதான் அழுதாள். அம்மா அவளை அழவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துச் சாப்பாடு எடுத்துவைக்க உள்ளே போனாள்.

அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் ஜெயித்துவிட்டு வந்த மனுஷர்; தட்டில் சோறு வந்துவிடும், சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் படுத்துவிட்டிருக்கலாம். யாரும் ஒன்றும் கேட்டிருக்கப் போவதில்லை. மகள் எதிரே தரையில் உட்கார்ந்தார். சுற்றி வளைக்காமல் சொன்னார், அந்தக் கையேட்டைப் பற்றி, பென்சில் வட்டத்தைப் பற்றி, இரண்டு வரியை வெட்டியதைப் பற்றி, கை கழுவும் படத்தைப் பற்றி. சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவளுடைய கேள்வித்தாள்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அவள் அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எப்பப்பா அது?"

"மூணு வருஷம் இருக்கும்."

"எனக்கு அப்ப பதினாலு" என்றாள். கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்பத்தான்ப்பா எனக்குத் தெரிய ஆரம்பிச்சுது. மூணு வருஷமா எனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றாள்.

அவருக்கு அதற்குமேல் உட்கார்ந்திருக்க முடியவில்லை, எழுந்திருக்கவும் முடியவில்லை. மகள் கேள்வித்தாள் ஒன்றைத் திருப்பி, வெள்ளையாக இருந்த பக்கத்தை அவர் முன்னால் வைத்தாள். அந்த ரெண்டு வரியை எழுதுங்கள் என்றாள். நினைவிருக்கிறதா என்று அவள் கேட்கவில்லை. திருத்தியதெல்லாம் அவருக்கு மறந்துபோகும், வெட்டியது மறக்காது என்று அவளுக்குத் தெரியும்.

அவர் சிவப்புப் பேனாவால் எழுதினார். எழுதும்போது வாய்விட்டுச் சொல்லவும் செய்தார், முதல் சொல்லை மட்டும் இரண்டு தடவை சொன்னார். அந்த வீட்டில் அந்தச் சொல் காதில் விழுந்தது அதுதான் முதல் தடவை.

"தன்பாலீர்ப்பு நோயன்று. அதைக் குணப்படுத்த வேண்டியதும் இல்லை."

அவள் தாளை வாங்கிக்கொண்டாள். சின்ன வயதில் அவர் சொல்லிக்கொடுத்தபடி, ஒவ்வோர் எழுத்துக்கும் கீழே விரலை வைத்து, அவசரப்படாமல், இரண்டு தடவை படித்தாள்.

"ஒரு பிழையும் இல்லையேப்பா" என்றாள். "அப்புறம் எதுக்கு வெட்டினீங்க?"